குடித்த அன்று மட்டும் ஏன் இவ்வளவு சாப்பிடுகிறேன்?

#1 சேலத்துக்காரன் | ஞாயிறு, காலை 9:12

வணக்கம். எனக்கு வயது 36. வாரத்தில் ஒரு நாள், சனிக்கிழமை ராத்திரி மட்டும், நண்பர்கள் மூன்று பேரோடு உட்காருவேன். ஆளுக்கு ஒரு குவார்ட்டர். சில வாரம் அதற்கு மேல் ஒரு கட்டிங்.

போன மாதம் மூன்று மாதச் சர்க்கரை பார்த்ததில் 6.1 வந்தது. "இது எல்லைக்கோடு, இப்போதே வயிற்றைக் குறையுங்கள்" என்று டாக்டர் சொன்னார். அன்றிலிருந்து சாப்பிடுவதை எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். நேற்று ராத்திரி எழுதியதை அப்படியே போடுகிறேன்:

சுண்டல் ஒரு தட்டு. மாங்காய் பத்தை. சில்லி சிக்கன் ஒன்றரைத் தட்டு (அரைத் தட்டு பக்கத்தில் இருந்தவன் வைத்தது). டபுள் ஆம்லெட். வெளியே வந்து நாலு பரோட்டா, சால்னா. வீட்டுக்கு வந்து ஒரு கிண்ணம் தயிர் சாதம்.

மற்ற நாட்களில் எனக்கு ராத்திரி மூன்று இட்லிக்கு மேல் இறங்காது. சனிக்கிழமை மட்டும் வயிற்றுக்கு அடி இல்லாதது போல இருக்கிறது. சரக்கே பசியைக் கிளப்புகிறதா, அல்லது நேரம் கழித்துச் சாப்பிடுவதாலா, உப்பு காரத்தாலா, கூட்டாளிகளாலா? ஒரு நண்பன் "சரக்கு உள்ளே இருப்பதைச் செரித்துவிடும், அதுதான் பசிக்கிறது" என்கிறான். நம்பலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 நெல்லை_கதிர் | ஞாயிறு, காலை 9:40

சார், நான் குடிப்பதில்லை. ஆனால் அலுவலக நண்பர்கள் போகும்போது வண்டி எடுக்க நானும் போய் உட்காருவேன். கையில் ஒரு எலுமிச்சை சோடா இருக்கும். இரண்டு மணி நேரம் எதிரில் வறுத்த கடலையும் சிக்கனும் இருந்தால் கை தானாகப் போகிறது. பில் வரும்போது பார்த்தால் பாதித் தட்டு என் பக்கத்தில்தான் கிடக்கும். பிறந்தநாள் விருந்து, கல்யாண வீட்டுத் திண்ணை எதுவானாலும் இதே கதைதான். எனவே காரணம் மேசையும் பேச்சும் என்பேன். சரக்கின் மேல் பழி போட வேண்டாம்.

#3 ஆய்வகவாசி | ஞாயிறு, காலை 11:05

கதிர் சொல்வதில் பாதி சரி. கூட்டாக உட்கார்ந்தால் யாரும் கூடத்தான் சாப்பிடுவார்கள். ஆனால் மேசையும் பேச்சும் இல்லாமலே இது நடக்கிறதா என்று சோதித்திருக்கிறார்கள். இரண்டு ஆய்வுகளைச் சொல்கிறேன்.

ஒன்று, லண்டன் பிரான்சிஸ் கிரிக் நிறுவனத்தில் எலிகளை வைத்துச் செய்தது. 2017-இல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் வந்தது. மூன்று நாள் எலிகளுக்கு ஆல்கஹால் கொடுத்தார்கள். அந்த மூன்று நாளும் அவை வழக்கத்தை விடக் கூடுதலாகத் தின்றன. மூளையின் அடிப்பக்கம் ஹைப்போதலாமஸ் என்று ஒரு சின்னப் பகுதி உண்டு. அதில் பட்டினி கிடக்கும்போது "சாப்பிடு, சாப்பிடு" என்று துடிக்கிற ஒரு வகை நரம்பணுக்கள் இருக்கின்றன. ஏஜிஆர்பி நரம்பணுக்கள் என்று பெயர். ஆல்கஹால் பட்டதும் அவை விழித்துக்கொண்டன. அந்த அணுக்களை மட்டும் அடக்கிவிட்டு மறுபடி ஆல்கஹால் கொடுத்தபோது, எலிகள் கூடுதலாகத் தின்னவில்லை. எலிக்குக் கூட்டாளி கிடையாது, சுண்டல் கிடையாது, சம்பள நாள் கிடையாது. அப்படியும் தின்றது.

இரண்டாவது, அமெரிக்காவில் இண்டியானா பல்கலைக்கழகத்தில், 2015. பெண்கள் 35 பேர். ஒரு நாள் ஆல்கஹாலையும் இன்னொரு நாள் வெறும் உப்புநீரையும் ஊசி வழியாக நேராக ரத்தத்தில் ஏற்றினார்கள். வாயும் வயிறும் இதில் சம்பந்தப்படவே இல்லை. ஸ்கேன் செய்துகொண்டே இறைச்சி வாசனையைக் காட்டினால், ஆல்கஹால் ஏறிய நாளில் ஹைப்போதலாமஸ் அந்த வாசனைக்குக் கூடுதலாகத் துள்ளியது. பிறகு சாப்பாடு வைத்தபோது சராசரியில் அன்று அதிகம் சாப்பிட்டார்கள்.

உங்கள் நண்பர் சொல்லும் "செரித்துவிடும்" கதை இதில் உடைந்து போகிறது. வயிற்றுப் பக்கமே போகாத ஆல்கஹாலும் சாப்பிட வைத்திருக்கிறதே. இன்னொரு விஷயம், வயிறு காலியாகும்போது சுரக்கிற கிரெலின் என்ற பசி ஹார்மோன் குடித்த பிறகு கூடுவதில்லை, குறைகிறது. வயிறு "போதும்" என்கிற நேரத்தில் மூளை "இன்னும்" என்கிறது. சேலத்துக்காரன் சொன்ன "அடி இல்லாத வயிறு" இதுதான் என்று நினைக்கிறேன்.

#4 நெல்லை_கதிர் | ஞாயிறு, காலை 11:31

எலி விஷயம் எனக்குப் புதிது. அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மேசையை நான் விட்டுவிடவில்லை.

#5 அடுப்படி_மணி | ஞாயிறு, மாலை 4:20

நான் எட்டு வருடம் பார் சமையலறையில் நின்றவன். மதுரைப் பக்கம். கடை எது என்பது வேண்டாம். இப்போது சொந்தமாக டிபன் கடை வைத்திருக்கிறேன். கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன்.

பன்னிரண்டு மணிக்கு ஷட்டர் ஏறும். அதற்குள் சுண்டல் வெந்து இறங்கியிருக்க வேண்டும், முட்டை அவிந்திருக்க வேண்டும். வருகிறவர்கள் முதலில் கேட்பது மாங்காய், வெள்ளரி, சுண்டல், அவிச்ச முட்டை. முட்டையை நாலாகக் கீறி உப்பும் மிளகுத்தூளும் தூவி அனுப்புவோம். முக்கால் மணி நேரம் ஆனால் எண்ணெயில் போட்டது கேட்பார்கள். சில்லி சிக்கன், காடை, போட்டி. மூன்றாவது கட்டம் கிளாஸ் காலியான பிறகு. "மாஸ்டர், ஒரு கலக்கி, ஒரு ஆம்லெட்" என்று குரல் வரும். எழுந்து போகிற நேரத்தில் சாப்பாடு கேட்பார்கள். எட்டு வருடத்தில் இந்த வரிசை மாறி நான் பார்த்ததில்லை. இலையும் காயும் முதலில், மாவும் எண்ணெயும் கடைசியில்.

உப்பைப் பற்றிக் கேட்டிருந்தார் தம்பி. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே எனக்குச் சொல்லிக் கொடுத்தது, வீட்டுச் சுண்டலை விடக் கொஞ்சம் தூக்கலாகப் போடு என்பதுதான். தாகம் எடுக்கும், சோடா வாங்குவார்கள், சோடா மிச்சமிருந்தால் இன்னொரு கட்டிங் வாங்குவார்கள். கட்டிங் வந்தால் அதற்கு ஒரு தட்டு. ஒன்றை ஒன்று இழுக்கும்.

நாக்கும் மாறும். ஒரு நாள் ராத்திரி ஒன்பதரைக்கு ஒரு பிளேட் சில்லி சிக்கனில் எனக்கு உப்பு கை தவறிவிட்டது. திரும்பச் செய்ய நேரமில்லை, பயந்துகொண்டே அனுப்பினேன். தட்டு துடைத்தது போலத் திரும்பி வந்தது, "இன்னொன்று இதே மாதிரி" என்ற சொல்லோடு. அதே தட்டு மதியம் ஒரு மணிக்குப் போயிருந்தால் முதல் வாயிலேயே கூப்பிட்டுச் சண்டை போட்டிருப்பார்கள்.

ஆனால் இதெல்லாம் வாரத்துக்கு ஒரு தரம், மாதத்துக்கு இரண்டு தரம் வருகிறவர்கள் கதை. தினமும் வருகிறவர்கள் வேறு. அவர்கள் உட்காரவே மாட்டார்கள். நின்றபடியே ஊற்றி, ஒரு மடக்கில் இறக்கி, ஊறுகாய் பாக்கெட்டைப் பல்லால் கிழித்து நாக்கில் ஒரு தீற்று. மிச்ச ஊறுகாயை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போவார்கள். அது சாயங்காலத்துக்கு.

லாரிப் பட்டறையில் வேலை பார்த்த ஒருவர் இருந்தார். நான் சேர்ந்த புதிதில் அவர் மேசைக்குத் தட்டு போய்க்கொண்டே இருக்கும். குடல் வறுவல் இரண்டு பிளேட் தனி ஆளாகச் சாப்பிடுவார், நல்லா இருந்தால் அடுப்படி வரைக்கும் வந்து சொல்லிவிட்டுப் போவார். நான் வேலையை விடும் வருடத்தில் அவரும் ஊறுகாய்க்கு வந்துவிட்டார். கையும் காலும் மெலிந்து, முகம் மட்டும் உப்பியிருந்தது. ஒரு நாள் மனசு கேட்காமல் ஒரு முட்டையை உரித்து, காசு வேண்டாம் அண்ணே என்று கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். நான் மறுபடி வெளியே வந்து பார்த்தபோதும் அந்த முட்டை அவர் கையிலேயே இருந்தது.

அதனால் "குடித்தால் சாப்பாடு கூடுமா" என்று கேட்டால், எந்த வருடத்தில் என்று நான் திருப்பிக் கேட்பேன்.

#6 நிலவரசி | ஞாயிறு, இரவு 8:48

மணி அண்ணா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். அதற்கு முன்னால் இந்த இழையைப் பார்த்தபோது கோபம் வந்தது. குடித்தால் நன்றாகப் பசிக்கும் என்று எல்லாரும் பேசிக்கொண்டிருந்தீர்கள். எங்கள் வீட்டில் நான் பார்த்தது அது இல்லை.

அப்பாவுக்கு 58 வயது. இருபது வருடத்துக்கு மேலாகக் குடிக்கிறார். ராத்திரி அம்மா தட்டில் சோறு போட்டு, குழம்பைத் தனிக் கிண்ணத்தில் ஊற்றி, மேலே இன்னொரு தட்டைக் கவிழ்த்து வைப்பார். காலையில் திறந்தால் சோறு விறைத்துக் கிடக்கும். கவிழ்த்த தட்டின் உள்பக்கம் ஆவி பட்டு நீர் இறங்கிக் காய்ந்த கோடுகள் இருக்கும். நானும் தம்பியும் அதில் தண்ணீர் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போவோம். பத்துப் பன்னிரண்டு வருடம் இப்படித்தான்.

இப்போது பகலிலும் சாப்பிடுவதில்லை. இரண்டு வாய் வைத்தால் குமட்டுகிறது என்கிறார். சில மாதமாகக் காலையில், குடிக்காத நேரத்திலும், காலை அகல வைத்துத் தடுமாறித்தான் நடக்கிறார். காலையில் யார் வந்தார்கள் என்று மத்தியானம் கேட்டால் யாரோ பெயரைச் சொல்கிறார். குடிப்பவருக்கு இதெல்லாம் சகஜம் என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். சாப்பிட வைப்பதற்கு ஏதாவது வழி இருந்தால் சொல்லுங்கள்.

#7 செவிலி_தேன்மொழி | ஞாயிறு, இரவு 9:15

நிலவரசி, மற்றவர்கள் பேச்சு இருக்கட்டும், இதை முதலில் படியுங்கள் அம்மா. நான் அரசு மருத்துவமனையில் குடிநோய்ப் பிரிவில் பல வருடம் வேலை பார்த்த செவிலி.

காலை அகல வைத்துத் தடுமாறுவது, நினைவு தப்புவது, பல மாதமாகச் சாப்பாடு இறங்காதது. இந்த மூன்றும் சேர்ந்தால் சகஜம் என்று விடக்கூடாது. வைட்டமின் பி1, அதாவது தயாமின், உடம்பில் சில வாரங்களுக்குத் தாங்கும் அளவுதான் இருக்கும். சாப்பாட்டிலிருந்து தினமும் வர வேண்டும். அப்பா சாப்பிடுவதில்லை, சாப்பிடும் கொஞ்சத்திலிருந்தும் பி1 உறிஞ்சப்படுவதை ஆல்கஹால் தடுக்கிறது. அது தீர்ந்தால் முதலில் அடிபடுவது மூளைதான். வெர்னிக்கே என்று பெயர். கண் பார்வை இரட்டையாகத் தெரிவதும் இதில் வரும். சீக்கிரம் பார்த்தால் ஊசியில் தயாமின் போட்டு மீட்க முடியும். தாமதமானால் நினைவு போனது போனதுதான். இது இந்த நோய்தானா என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும், ஆனால் நாளைக்கே கூட்டிப் போங்கள். "தினமும் குடிப்பவர், மாதக்கணக்கில் சாப்பிடவில்லை, நடை தடுமாறுகிறது" என்று வாசலிலேயே சொல்லுங்கள். குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்பே தயாமின் போட வேண்டியிருக்கும், அதனால் இதை முதலிலேயே சொல்வது முக்கியம்.

இன்னொன்று. பயந்துபோய் இன்று ராத்திரியே பாட்டிலைப் பிடுங்கி ஒளித்து வைத்துவிடாதீர்கள். இருபது வருடம் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம், மூன்றாம் நாள் வாக்கில் இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிந்து உளறலாம். உயிருக்கே ஆபத்து. மருத்துவமனையில் வைத்து மருந்து கொடுத்துத்தான் நிறுத்த வேண்டும்.

சாப்பிட வைக்க வழி கேட்டீர்கள். குமட்டல் இரைப்பைப் புண்ணாலும் வரும், ஈரல் கெட்டாலும் வரும். அதைப் பார்க்காமல் சோற்றைத் திணித்துப் பயனில்லை.

#8 நிலவரசி | ஞாயிறு, இரவு 9:22

சரிங்க அக்கா. காலையில் முதல் பஸ்ஸுக்குக் கூட்டிப் போகிறேன்.

#9 யாழ்_வாசன் | திங்கள், காலை 6:50

தங்கச்சி, அப்பாவைக் கவனமாகக் கூட்டிக்கொண்டு போங்கோ.

எங்கட பக்கத்தில் ஒரு வேறுபாடு கண்டிருக்கிறேன், அதைச் சொல்லலாம் என்று நினைக்கிறேன். என்ர அப்பப்பா காலத்தில் தவறணைக்கு, அதாவது கள்ளுக்கடைக்கு, போவது பின்னேரம் தோட்ட வேலை முடித்துவிட்டு. பனங்கள்ளு. கூடப் பொரித்த மீன் அல்லது அவித்த மரவள்ளிக்கிழங்கும் சம்பலும். பிறகு வீட்டுக்கு வந்து குரக்கன் பிட்டும் மீன் குழம்பும் ஒரு பிடி பிடிப்பார். கள்ளில் ஆல்கஹால் குறைவு, புளிக்காத சர்க்கரையும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். பகல் முழுக்க மண்வெட்டி பிடித்த உடம்பு. அவருக்குக் கடைசி வரை வயிறு வைக்கவில்லை. நான் கொழும்பில் கதிரையில் இருந்து வேலை செய்கிறேன், வெள்ளிக்கிழமை சாராயமும் பைட்ஸும் (கொறிக்கிற சாமான்). எனக்கு வைத்திருக்கிறது. பசி இரண்டு பேருக்கும் கூடியிருக்கலாம், ஆனால் அடுத்த நாள் அவர் அதைத் தோட்டத்தில் கரைத்துவிட்டார்.

#10 கணக்குப்பிள்ளை | திங்கள், காலை 10:30

சேலத்துக்காரனின் நோட்டை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

குவார்ட்டர் என்றால் 180 மில்லி. லேபிளில் 42.8 சதவீதம் என்று இருக்கும். அப்படியானால் சுத்த ஆல்கஹால் 77 மில்லி. ஆல்கஹால் தண்ணீரை விட லேசு, அதனால் எடை சுமார் 61 கிராம். ஒரு கிராமுக்கு 7 கலோரி. (அரிசி மாவுச்சத்துக்கு 4, எண்ணெய்க்கு 9. எண்ணெய்க்குப் பக்கத்தில் வருகிறது பாருங்கள்.) மொத்தம் கிட்டத்தட்ட 425 கலோரி. மிக்ஸிங்குக்குக் கால் லிட்டர் கூல்டிரிங் என்றால் மேலும் 100.

நாலு பரோட்டா, ஒன்றுக்கு 250 என்று குறைத்து வைத்தாலே 1000.

என்னை யோசிக்க வைத்தது வேறு ஒன்று. 2019-இல் இது சம்பந்தமாக நடந்த பல சோதனைகளை ஒன்றாகத் தொகுத்து ஒரு கட்டுரை பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் நியூட்ரிஷனில் வந்தது. குடித்தவர்கள் குடிக்காதவர்களை விட அந்த வேளையில் சராசரியாகச் சுமார் 80 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். 80 என்பது ஒன்றரை, இரண்டு இட்லி. அவ்வளவுதான். ஆனால் பாட்டிலில் வந்த நூற்றுக்கணக்கான கலோரிக்கு ஈடாக ஒரு வாய்கூடக் குறைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். மதியம் பிரியாணி சாப்பிட்டால் ராத்திரி தானாகக் குறைத்துக்கொள்கிறோம். 425 கலோரி பிரியாணியாக உள்ளே போனால் உடம்பு கணக்கில் எழுதிக்கொள்கிறது. சரக்காகப் போனால் எழுதுவதில்லை, மேலே இன்னும் 80 கேட்கிறது.

#11 ஆய்வகவாசி | திங்கள், காலை 11:14

கணக்குப்பிள்ளை சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆல்கஹாலைச் சேமித்து வைக்க உடம்பில் இடமே கிடையாது. உள்ளே வந்தால் ஈரல் மற்ற வேலைகளை ஓரம் கட்டிவிட்டு அதைத்தான் முதலில் எரிக்கும். அது எரியும் நேரத்தில் கொழுப்பு எரிவது குறைந்து போகிறது. 1992-இல் சுவிட்சர்லாந்தில் ஆட்களை ஓர் அறைக்குள் வைத்து மூச்சுக்காற்றை அளந்து பார்த்தார்கள். ஆல்கஹால் சேர்ந்த நாளில் கொழுப்பு எரிவது சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. சால்னா எண்ணெய் எங்கே போகும் என்பதற்கு இதுவே பதில்.

அப்புறம், சோதனைக்கூடத்தில் 80 கலோரி என்றால் பாரில் அதை விடக் கூடத்தான் இருக்கும் என்பது என் எண்ணம். சோதனையில் ஒரே ஒரு தட்டு, ஒரு மணி நேரம். பாரில் மூன்று மணி நேரம், மணி அண்ணன் வரிசை கட்டி அனுப்பும் தட்டுகள். கதிரின் மேசையும் இங்கேதான் வந்து சேர்கிறது.

#12 திருப்பூர்_சுதா | திங்கள், மதியம் 2:05

என் வீட்டுக்காரர் மாதம் இரண்டு முறைதான். வீட்டுக்கு வர பதினொன்றரை ஆகும். வந்ததும் "என்ன இருக்கு?" என்பார். வெளியில் சாப்பிட்டுத்தான் வந்திருப்பார் என்று தெரியும். இருந்தாலும் பசியோடு படுக்க வைக்க மனசு வராது. தோசை ஊற்றுவேன். அவர் சாப்பிடும்போது நானும் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்று, பிள்ளை விழித்துக்கொண்டால் அவனுக்கு ஒன்று. இந்த இழையைப் படித்த பிறகு எண்ணிப் பார்த்தேன். அவர் குடித்த ராத்திரிகளில் குடிக்காத நாங்களும் கூடத்தான் சாப்பிடுகிறோம். எந்த ஆராய்ச்சியிலும் இதைக் கணக்கெடுப்பார்களா தெரியவில்லை.

#13 கோவை_ராஜ் | திங்கள், மாலை 6:30

அப்படியானால் சாப்பிடாமல் குடிப்பதுதான் உடம்புக்கு நல்லதா? கலோரியாவது குறையுமே.

#14 செவிலி_தேன்மொழி | திங்கள், மாலை 7:10

வேண்டவே வேண்டாம் ராஜ். இந்த யோசனையோடு வந்து விழுந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வயிற்றில் சாப்பாடு இருந்தால் இரைப்பையின் கீழ்வாசல் மூடியிருக்கும். சரக்கு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சிறுகுடலுக்கு இறங்கும். ரத்தத்தில் ஏறும் உச்ச அளவு நன்றாகக் குறையும். வெறும் வயிற்றில் எல்லாம் ஒரே மூச்சில் ஏறும்.

அதை விடப் பெரிய ஆபத்து சர்க்கரை தாழ்ந்து போவது. சாப்பாடு இல்லாத நேரத்தில் ஈரல்தான் புதிதாகச் சர்க்கரை செய்து ரத்தத்துக்கு அனுப்பும். ஆல்கஹாலை எரிக்கும் நேரத்தில் ஈரலால் அந்த வேலையைச் செய்ய முடியாது. சேமிப்பில் இருப்பது தீரும் வரை தாங்கும், விடியற்காலையில் தீர்ந்துவிடும். சர்க்கரை நோய்க்குக் கிளிமெபிரைடு வகை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் என்றால் இன்னும் மோசம். வியர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும், ஆளை எழுப்ப முடியாது. பார்க்கிறவர்கள் "போதை, தூங்கட்டும்" என்று விட்டுவிடுவார்கள். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். விழித்திருந்தால் சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள். நினைவில்லை என்றால் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே 108-க்கு அடியுங்கள்.

சேலத்துக்காரன், உங்களுக்கு 6.1 என்றால் மாத்திரை ஏதும் கொடுத்திருக்கிறார்களா? டாக்டரிடம் சனிக்கிழமை விஷயத்தைச் சொன்னீர்களா?

#15 சேலத்துக்காரன் | திங்கள், இரவு 10:02

மாத்திரை இல்லை அக்கா. சனிக்கிழமை விஷயம்… "எப்போதாவது" என்றுதான் சொன்னேன்.

#16 நிலவரசி | வியாழன், மாலை 5:40

எல்லாருக்கும் நன்றி. அப்பாவைச் சேர்த்துவிட்டார்கள். தேன்மொழி அக்கா சொன்ன மாதிரியே வாசலில் சொன்னேன். ஊசி போட்டார்கள், மூன்று நாளாகப் போகிறது. கை நடுக்கம் அதிகமாக இருந்தது, மருந்து கொடுத்துத் தூங்க வைத்திருக்கிறார்கள். நடை எப்படி என்று இப்போது சொல்ல முடியாதாம், பார்க்கலாம் என்றார்கள். ஈரல் வீக்கம் இருக்கிறது.

#17 அடுப்படி_மணி | வியாழன், மாலை 6:15

நல்ல காரியம் செய்தாய் தங்கச்சி. சாப்பிட ஆரம்பித்ததும் சொல்.

#18 சேலத்துக்காரன் | ஐந்து வாரம் கழித்து, ஞாயிறு, காலை 10:20

இழையை மறக்கவில்லை. நோட்டைத் தொடர்ந்து எழுதினேன். நடந்ததைச் சொல்கிறேன்.

முதல் இரண்டு சனிக்கிழமை, போவதற்கு முன் ஏழு மணிக்கு வீட்டிலேயே நாலு இட்லி, சாம்பார். சுண்டல் குறைந்தது, ஆம்லெட் கேட்கவில்லை. ஆனால் வெளியே வந்ததும் பரோட்டாக் கல்லில் தட்டும் சத்தம் கேட்டவுடன் கால் நின்றுவிட்டது. இரண்டு பரோட்டா. ஏழு மணிக்கு நாலு இட்லி சாப்பிட்டவன் பத்தரைக்கு மறுபடி பசிக்கிறது என்று சத்தியம் பண்ணுவேன் போல இருந்தது. மூன்றாவது வாரம் குவார்ட்டரில் பாதியோடு நிறுத்தினேன். அன்று பரோட்டாக் கடையைத் தாண்டி வந்துவிட்டேன், கஷ்டமாக இல்லை. நாலாவது வாரம் கதிர் சொன்னதைப் பார்க்கலாம் என்று குடிக்காமல் போய் உட்கார்ந்தேன். சோடாதான். சுண்டலும் சிக்கனும் வழக்கம் போலவே உள்ளே போயின, கதிர் சொன்னது முழுக்க உண்மை. ஆனால் பரோட்டாவும் இல்லை, தயிர் சாதமும் இல்லை. வீட்டுக்கு வந்து தூங்கிவிட்டேன்.

என் நோட்டை வைத்துச் சொன்னால், மேசையில் இருப்பதைக் கூட்டாளிகள் சாப்பிட வைக்கிறார்கள். மேசையை விட்டு எழுந்த பிறகு சாப்பிட வைப்பது சரக்கு.

மணி அண்ணன் எழுதிய லாரிப் பட்டறைக்காரர் என் நினைவிலேயே இருக்கிறார். எங்கள் நாலு பேரில் ஒருவன் இப்போது வார நாட்களிலும் போகிறான். அவன் தட்டைத்தான் நான் எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவன் வைத்த அரைத் தட்டு சில்லி சிக்கன் என்று முதல் பதிவில் எழுதினேனே, அது. நேற்றுத்தான் கவனித்தேன், அவன் தட்டில் கையே வைப்பதில்லை. எப்படிப் பேச்சை ஆரம்பிப்பது என்று யோசிக்கிறேன்.

#19 செவிலி_தேன்மொழி | ஞாயிறு, காலை 10:45

பாரில் வைத்துப் பேசாதீர்கள். பகலில், அவர் குடிக்காத நேரத்தில், தனியாக. "காலையில் கை நடுங்குகிறதா" என்று மட்டும் கேளுங்கள். நடுங்குகிறது என்றால் அதற்கு மேல் பேச வேண்டியதை என்னிடம் கேளுங்கள், தனிமடல் போடுங்கள்.

#20 நிலவரசி | ஞாயிறு, மதியம் 1:30

அப்பா வீட்டுக்கு வந்து பத்து நாள் ஆகிறது. நடை கொஞ்சம் தேறியிருக்கிறது, சுவரைப் பிடித்துக்கொண்டு போகிறார். பெயர்கள் இன்னும் மாறித்தான் வருகின்றன. மணி அண்ணா, நீங்கள் கேட்டீர்கள். நேற்று ராத்திரி ஒன்றரைக் கரண்டி சோறு, ரசம், ஒரு அவிச்ச முட்டை. முட்டையை முழுதாகச் சாப்பிட்டார். அம்மா பழக்கத்தில் இன்னொரு தட்டை எடுத்து மூட வந்தார், மூட ஒன்றும் இல்லை.